சின்ன ஏரி, நீர்த்தேக்கத்துல தூண்டில் போடறது எப்படி: வரிசை மாறாம முழுமையான வழிகாட்டி

புதுசா வர்றவங்க முக்காவாசிப் பேர் ஒரே தப்பத்தான் பண்றாங்க. கரைக்கு வந்து ரெண்டாவது நிமிஷம் ஹூக்ல இரையக் கோத்து, கையில இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு முடிஞ்ச மட்டும் தூரமா வீசிட்டு உக்காந்துடறாங்க. மூணு மணி நேரம் கழிச்சு "அண்ணே, இங்க மீனே இல்ல போலண்ணே"ன்னு கேப்பாங்க. மீன் இருக்கும். அவங்க செருப்பு கழட்டி வச்ச இடத்துல இருந்து பதினஞ்சு அடியில சரிவோட மேஞ்சுகிட்டு இருக்கும், இவங்க இரை அதத் தாண்டி எங்கயோ நடுத்தண்ணில அந்தரத்துல தொங்கிட்டு இருக்கும்.

சின்னத் தண்ணில தூரம் பெரிய விஷயமே இல்ல, ஆழம்தான் விஷயம். ஆழம் தெரியாம போடற இரை சும்மா ஊறத்தான் செய்யும். அதனால கீழ இருக்கிற வரிசைய மாத்தாதீங்க, முக்கியமா 5வது படியத் தாண்டிக் குதிக்காதீங்க.

இது தக்கை போட்டுப் பிடிக்கிற முறைக்கு எழுதினது, கத்துக்கறதுக்கு இதுதான் சரி. விராலுக்கு லூர் (செயற்கை இரை) போடறது பத்தி கடைசிப் பக்கமா கொஞ்சம் சொல்றேன்.

1. கிளம்பறதுக்கு முன்னாடி கேட்டுக்க வேண்டியது

முதல்ல அனுமதி. சின்ன ஏரின்னா யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனைக்காதீங்க, அனேகமா எல்லாத் தண்ணிக்கும் மீன்பிடி உரிமை யார்கிட்டயாவது இருக்கும், குத்தகைக்காரரா இருக்கலாம், சங்கமா இருக்கலாம், அரசுத் துறையா இருக்கலாம். குடிதண்ணிக்குன்னு வச்சிருக்கிற நீர்த்தேக்கத்துல கரைப்பக்கமே விடாம இருக்கலாம். இனப்பெருக்க காலத்துல மூடி வைக்கிற இடமும் உண்டு. போயி நின்னுட்டு சண்டை போடறதுக்கு ஒரு வார்த்தை முன்னாடியே கேட்டுட்டுப் போறது மேல்.

ரெண்டாவது, தண்ணி ஏறுதா இறங்குதா. இதக் கேக்காம வர்றவங்கதான் அதிகம். தண்ணி ஏறிட்டு இருந்தா மீன் புதுசா முங்கின புல்லு, செடிப்பக்கம் மேய வரும், கரையோரமே போதும். தண்ணி வேகமா இறங்கிட்டு இருந்தா மேட்டுப்பக்கத்த விட்டுட்டு பள்ளத்துக்குப் போயிடும், போன வாரம் அள்ளின இடத்துல இந்த வாரம் ஒண்ணும் இருக்காது.

மூணாவது, முடிஞ்சா தண்ணி வத்தியிருக்கிற நேரத்துல ஒரு தடவை சும்மா போயி நடந்து பாருங்க. ராடு வேண்டாம், போன் போதும். பழைய ஓடை எந்தப் பக்கமா வளைஞ்சு போகுது, மரக்கட்டை எங்க இருக்கு, கரை போட மண்ணெடுத்த பள்ளம் எங்க, பாறை எங்க, எல்லாத்தையும் கரையில இருக்கிற ஒரு மரத்தையோ கல்லையோ அடையாளமா வச்சு படம் எடுத்துக்கங்க. தண்ணி நெறஞ்ச பிறகு அந்தப் படந்தான் உங்க மேப். நான் இன்னைக்கும் அப்படி எடுத்த நாலு படத்த வச்சுத்தான் ஒரு நீர்த்தேக்கத்துல உக்கார்ற இடத்த முடிவு பண்றேன்.

2. சாமான்: கம்மியா வாங்குங்க

7 அடியில இருந்து 8 அடி ராடு, ரொம்ப விறைப்பா வேண்டாம், மீடியம் போதும். 2500 இல்லன்னா 3000 சைஸ் ஸ்பின்னிங் ரீல். நைலான் நரம்பு 0.25 மி.மீ. புதுசா வர்றவங்க 0.40, 0.50னு மொத்தமா போட்டா மீன் அறுக்காதுன்னு நெனைக்கிறாங்க. மொத்த நரம்பு ரீல்ல சுருள் சுருளாவே நிக்கும், லேசான தக்கைய வீச விடாது, தண்ணில கயிறு மாதிரி தெரியும். அறுபடறது பெரும்பாலும் நரம்பு மெலிசா இருக்கிறதால இல்ல, முடிச்சு சரியில்லாததாலயும் டிராக்க (மீன் பலமா இழுத்தா நரம்ப வழுக்கி விடற ரீல் பிரேக்) இறுக்கி வச்சதாலயுந்தான்.

ஹூக் நம்பர் ஒரு குழப்பம், தெரிஞ்சுக்கங்க. நம்பர் ஏற ஏற ஹூக் சின்னது, 12ங்கிறது 6ஐ விடச் சின்னது. 1ஐ விடப் பெரிய ஹூக்குன்னா 1/0, 2/0ன்னு வரும், அங்க நம்பர் ஏறினா ஹூக் பெருசு. ஜிலேபி மீனுக்கு 10 இல்லன்னா 12, கெண்டைக்கு 6ல இருந்து 8, கெளுத்திக்கு 2ல இருந்து 4. பெரிய மீன் வேணும்னா பெரிய ஹூக்னு நெனைக்காதீங்க. இரையோட அளவுக்குத்தான் ஹூக், இரைய விட ஹூக் பெருசா தெரிஞ்சா கெண்டை வாயில வாங்கி உடனே துப்பிடும்.

மத்தது: 2லயிருந்து 4 கிராம் தாங்கற தக்கை மூணு, பிளவு விட்ட ஈயக் குண்டு, 15 கிராம் ஈயம் ஒண்ணு (இது ஆழம் அளக்க), நீளக் கைப்பிடி வச்ச கைவலை, மூக்கு நீண்ட பிளையர், நகவெட்டி, பழைய துணி, கலர் டேப் ஒரு துண்டு. ஈயத்த வாயில கடிச்சு இறுக்காதீங்க, அது விஷம். தண்ணிப் பறவைங்க முழுங்கிச் சாகுதுன்னுதான் பிரிட்டன்ல 1987ல சின்ன சைஸ் ஈயக் குண்டுகளுக்குத் தடையே போட்டாங்க. டின், டங்ஸ்டன் குண்டு கிடைச்சா அதையே வாங்குங்க.

போலரைஸ்டு கண்ணாடி (தண்ணி மேல அடிக்கிற கண்கூச்சத்தக் குறைக்கிறது) இருந்தா நல்லது. தக்கையக் கூர்ந்து பாக்கறதுக்கு மட்டுமில்ல, பக்கத்துல நிக்கிறவர் ஹூக் கண்ணுல படாம இருக்கவும்.

3. வீட்டுலயே முடிக்க வேண்டிய வேலை

கரையில வெயில்ல நின்னு, காத்துல ஆடற நரம்ப வச்சுக்கிட்டு முடிச்சுப் போடக் கத்துக்க முடியாது. இந்த மூணையும் வீட்டுலயே முடிச்சுடுங்க.

நரம்பு ஏத்துறது. நரம்புச் சுருள தரையில படுக்க வச்சு, ஈரத்துணியில நரம்பப் பிடிச்சுகிட்டே பத்து சுத்து சுத்துங்க, அப்புறம் நிறுத்தி நரம்பத் தளர விடுங்க. முறுக்கிக்கிட்டு ஸ்பிரிங் மாதிரி சுருண்டா கீழ இருக்கிற சுருளத் திருப்பிப் போடுங்க. இதச் செய்யாம ஏத்தினா முறுக்கு உள்ளயே இருந்து, கரையில முதல் வீச்சுலயே குருவிக்கூடு மாதிரி சிக்கும். ஸ்பூல் (ரீல்ல நரம்பு சுத்தற உருளை) விளிம்புக்கு 2, 3 மி.மீ. கீழ வரைக்கும் நெறைங்க, அதிகமா நெறைச்சா கொத்தா விழும், கம்மியா இருந்தா தூரம் போகாது.

முடிச்சு. ஒரே ஒரு முடிச்ச நல்லா கத்துக்கங்க போதும். ஹூக் காதுல நரம்ப விட்டு, மெயின் நரம்பச் சுத்தி அஞ்சு தடவை சுத்துங்க, நுனிய ஹூக் காதுக்குப் பக்கத்துல இருக்கிற சின்ன வளையத்துல விடுங்க, இப்ப புதுசா ஒரு பெரிய வளையம் வந்திருக்கும், அதுலயும் விடுங்க, எச்சில் வச்சு நனைச்சு மெதுவா இழுத்து இறுக்குங்க. நனைக்காம இறுக்கினா உராய்ற சூட்டுல நைலான் அங்கயே பலவீனமாயிடும், அப்புறம் நல்ல மீன் ஒண்ணு வர்றப்போ கரெக்டா அந்த இடத்துலதான் அறும். நுனி பன்னிக்குட்டி வால் மாதிரி சுருண்டு வந்தா முடிச்சு வழுக்கிடுச்சுன்னு அர்த்தம், வேற எங்கயாவது சுருளில்லாம அறுந்திருந்தா நரம்பு தேஞ்சிருக்கு. அறுந்த நுனியப் பாக்காம புது ஹூக் கட்டாதீங்க.

டிராக். நரம்பு தாங்கற எடையில மூணுல ஒரு பங்கு இல்லன்னா நாலுல ஒரு பங்குல டிராக் வழுக்கணும். 4 கிலோ தாங்கற நரம்புன்னா 1 கிலோ. இதுக்குத் தராசெல்லாம் வேண்டாம், 1 லிட்டர் பாட்டில் நிறைய தண்ணி ரொப்பினா 1 கிலோ, ராட மேல தூக்கிப் பிடிச்சு நரம்பு நுனியில பாட்டிலக் கட்டித் தொங்க விடுங்க. பாட்டில் மெதுவா, விக்காம கீழ இறங்கினா சரி. இறங்கவே இல்லன்னா டிராக்க ரெண்டு கிளிக் தளர்த்துங்க.

அப்படியே ஹூக்கோட எதிர்முள்ள (முனைக்குக் கீழ பின்பக்கமா நீட்டிகிட்டிருக்கிற குட்டி முள்) பிளையரால அமுக்கி விட்டுடுங்க. மீன் தப்பிச்சுடும்னு பயப்படுவீங்க, நரம்ப விறைப்பா வச்சிருந்தா தப்பாது, உங்க விரல்ல குத்தினாலும் சுலபமா வந்துடும்.

4. கரைக்குப் போனதும் கால் மணி நேரம் சும்மா பாருங்க

இத யாருமே செய்ய மாட்டாங்க. பைய இறக்கி வச்சுட்டு தண்ணில இருந்து பத்தடி தள்ளியே நின்னு பாருங்க.

எதப் பாக்கணும்? சேத்துத் தரையில இருந்து கொத்துக் கொத்தா பொடிக் குமிழ் வந்து, அந்தக் கொத்து கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்தா அங்க கெண்டை சேத்தக் கிளறுது. ஒரே இடத்துல அப்பப்ப ஒரு பெரிய குமிழ் வந்தா அது வெறும் சேத்து வாயு. தெளிஞ்ச தண்ணில கரையோரமா தட்டு தட்டா வட்டக் குழி தெரிஞ்சா அது ஆண் ஜிலேபி தோண்டின கூடு. நாணல் காத்தில்லாமலே ஆடினா உள்ள ஏதோ உரசிட்டுப் போகுது.

காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாருங்க. எல்லாரும் காத்து முதுகுல அடிக்கிற கரையத்தான் தேடுவாங்க, ஏன்னா வீசறது சுலபம். ஆனா காத்து மேல்தண்ணியையும் அதுல மிதக்கிற தீனியையும் எதிர்க்கரைக்குத் தள்ளிட்டுப் போகும், மீனும் பின்னாடியே போகும். லேசான காத்து மூஞ்சில அடிக்கிற கரைதான் நல்லது, பதினஞ்சடி வீசறதுக்குக் காத்து ஒண்ணும் தடையில்ல. புயல் மாதிரி அடிச்சா அது வேற, ஒதுங்கின மூலைக்குப் போயிடுங்க.

நேரத்தப் பத்தி ஒண்ணு. விடியறதுக்கு முன்னாடி போனாத்தான் மீன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, எல்லா ஏரிக்கும் அது பொருந்தாது. பாசியும் நீர்ச்செடியும் அடர்ந்து பச்சையா இருக்கிற தண்ணில ராத்திரி முழுக்க செடியும் சேர்ந்து ஆக்சிஜன எடுத்துக்கும், சூரியன் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஆக்சிஜன் இருக்கிறதுலயே கம்மி. அப்ப மீன் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடிட்டு இருக்கும், இரையத் திரும்பிக்கூடப் பாக்காது. வெயில் ஏறி ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கடிக்க ஆரம்பிக்கும். தெளிஞ்ச தண்ணின்னா விடியக்காலை நல்லதுதான். சூடான தண்ணிக்கு ஆக்சிஜனப் பிடிச்சு வைக்கிற சக்தியும் கம்மி, 20 டிகிரியில லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் நிக்கும், 30 டிகிரியில ஏழரை சொச்சந்தான். உச்சி வெயில்ல மீன் மந்தமா இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பெயின்ட் கொட்டின மாதிரி பச்சையா ஆடை கட்டி நாறுற தண்ணில இறங்காதீங்க, மீனும் எடுக்காதீங்க. அது நீலப்பச்சைப் பாசி, சில வகை ஈரலப் பாதிக்கிற நஞ்சு விடும்.

அப்புறம் நடக்கறது. கெண்டை, கெளுத்தி வகைகளுக்குக் காத்துப்பையையும் உள்காதையும் இணைக்கிற மாதிரி குட்டி எலும்புங்க வரிசையா இருக்கு, அதனால கேக்கற சக்தி ரொம்பக் கூர்மை. கரையில தொம்மு தொம்முன்னு நடக்கறது, பக்கெட்ட டம்முனு வைக்கறது எல்லாம் கீழ போயிச் சேரும். பேச்சு பரவாயில்ல, காத்துல வர்ற சத்தம் தண்ணிக்குள்ள அவ்வளவா எறங்காது. நிக்கறத விட உக்கார்றது நல்லது, ஆள் உயரம் தாழ்ந்தா மீன் பார்வையில இருந்து ஆளும் மறைஞ்சுடும்.

மதகு, கலிங்கு பக்கம் மீன் சேரும்தான், ஆனா அங்க உக்காராதீங்க. தண்ணிய எப்ப தொறப்பாங்கன்னு தெரியாது, தொறந்தா இழுப்பு மேல தெரியாது. மேல மின்கம்பி போற இடமும் வேண்டாம், கார்பன் ராடு மின்சாரத்தக் கடத்தும். இடி கேட்டா ராடக் கீழ போட்டுட்டு பாதுகாப்பான இடத்துக்குப் போயிடுங்க, கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிச்சு வாங்க.

5. ஆழம் அளங்க

இந்த ஒரு படியில மட்டும் அரை மணி நேரம் செலவு பண்ணுங்க, மிச்ச நாள் பூரா அதுல சம்பாதிப்பீங்க.

தக்கைய நரம்புல மாட்டி, ஹூக் கட்டி, அந்த 15 கிராம் ஈயத்த ஹூக்கோட சேர்த்துத் தொங்க விடுங்க. தக்கையால தாங்க முடியாத எடையா இருக்கணும், அதுதான் கணக்கு. ஒரு உத்தேசமா ஹூக்ல இருந்து மூணடி மேல தக்கைய வச்சு, போடப் போற இடத்துல மெதுவா விடுங்க.

தக்கை முழுசா முங்கிக் காணாமப் போச்சுன்னா ஆழம் மூணடிய விட அதிகம், தக்கைய மேல ஏத்துங்க. தக்கை மேல துருத்திகிட்டு நின்னாலோ சாஞ்சு படுத்துகிட்டாலோ ஆழம் கம்மி, தக்கையக் கீழ இறக்குங்க. ஒரு ஜாண், அப்புறம் நாலு விரல், அப்புறம் ஒரு விரல்னு மாத்தி மாத்திப் போட்டு, நுனி மட்டும் தண்ணிக்கு மேல தலைகாட்டற இடத்துல நிறுத்துங்க. இப்ப ஹூக்குக்கும் தக்கைக்கும் நடுவுல இருக்கிறதுதான் அங்க இருக்கிற ஆழம்.

ஹூக்க ரீல் அடியில கொண்டு வந்து வச்சு நரம்ப ராடோட ஒட்டி இழுத்துப் பிடிங்க, தக்கை வர்ற இடத்துல கலர் டேப்ப ஒட்டுங்க. நரம்பு அறுந்து மறுபடி கட்டினாலும் ஒரு நொடியில பழைய ஆழத்துக்கு வந்துடலாம்.

ஒரு இடத்துல அளந்துட்டு நிறுத்தினா பிரயோஜனம் இல்ல. கரையில இருந்து ஆறடி, பன்னெண்டடி, பதினெட்டடி, இருபத்தஞ்சடின்னு நேரா அளந்துட்டு, அப்படியே இடது பக்கமும் வலது பக்கமும் ஒரு தடவை. எனக்குப் பிடிச்ச ஒரு இடத்துல ஆறடி தூரத்துல ஆழம் ரெண்டடி, பன்னெண்டடியில மூணடி, பதினாலடிக்கு வர்றப்போ திடீர்னு ஆறடி, அதுக்கப்புறம் முப்பதடி போனாலும் அதே ஆறடிதான். அப்ப மீன் எங்க போகும்? அந்தப் பதினாலடி தூரத்துல, படி இறங்கி முடியற அடிவாரத்துல. மேட்டுல இருந்து உருண்டு வர்ற தீனி அங்க தங்கும், மீனும் சரிவ ஒரு சுவர் மாதிரி வச்சு அது ஓரமாவே போகும். அதத் தாண்டி இருக்கிற சமதளத்துல மீன் எங்க வேணா இருக்கலாம், அதாவது எங்கயும் இல்லாமலும் இருக்கலாம்.

ஈயத்த மெதுவா இழுக்கறப்போ கையில என்ன தெரியுதுன்னும் கவனிங்க. டக்கு டக்குன்னு தட்டினா கல்லு, சரளை. ஒட்டி இழுத்து பொதக்குன்னு விட்டா சேறு. கனமா வந்து திடீர்னு லேசாச்சுன்னா செடி அறுந்து வருது. சேறும் சரளையும் சேர்ற எல்லை கிடைச்சா விடாதீங்க.

ஆழம் ராடு நீளத்த விட அதிகமா இருந்தா நிலையா மாட்டின தக்கையோட வீச முடியாது. அப்ப தக்கைய நரம்புல ஓட விட்டு, வேண்டிய ஆழத்துல நூலால ஒரு தடுப்பு முடிச்சு போடுங்க, முடிச்சுக்கும் தக்கைக்கும் நடுவுல ஒரு குட்டி பாசிமணி. முடிச்சு ராடு வளையத்துக்குள்ள நழுவிப் போகும், தக்கை மணியில முட்டி நிக்கும்.

முதல் ஆரம்பம்: ஹூக் தரைய ஒட்டித் தொட்டும் தொடாம. கெண்டை, கெளுத்தி ரெண்டுக்கும் இது சரி. ஜிலேபி கடிக்கலன்னா அரையடி அரையடியா மேல தூக்கிப் பாருங்க.

6. ஈயக் குண்டு சமன்

தக்கை நுனி 1 செ.மீ. மட்டும் வெளிய தெரியணும். பாதித் தக்கை வெளிய நின்னுட்டு இருந்தா மீன் இரைய இழுக்கறப்போ அந்த மிதப்ப மொத்தமா இழுக்கணும், சந்தேகம் வந்து விட்டுடும். குண்டுல பெரும்பங்கு தக்கைக்கும் ஹூக்குக்கும் நடுவுல ஒண்ணா, கடைசியா ஒரு பொடிக் குண்டு ஹூக்ல இருந்து நாலு விரல் மேல. அந்தப் பொடிக் குண்டுதான் ஒற்றன், ஏன்னு 9ல சொல்றேன். வீட்டுல ஒரு பக்கெட்டுலயே இதச் சரிபார்த்துக்கலாம்.

7. இரை

மண்புழு எல்லா மீனுக்கும் ஆகும், சந்தேகமிருந்தா அதுதான். புழுவ உருண்டையா சுருட்டிக் கோக்காதீங்க, ஒரு முனையில குத்தி கொஞ்சம் உள்ள ஏத்தி வால ஆட விடுங்க. ஜிலேபிக்குப் பாதிப் புழு போதும்.

மாவு இரைன்னா ரகசியம் பதத்துலதான், வாசனையில இல்ல. மைதாவையும் தவிட்டையும் கலந்து தண்ணியத் துளித் துளியா விட்டுப் பிசைங்க, காது மடல் மாதிரி மெத்துனு இருக்கணும். கல்லு மாதிரி இருந்தா ஹூக் முனை மாவ விட்டு வெளிய வராது, கடிச்சாலும் குத்தாது. தண்ணியா இருந்தா வீசறப்போவே பறந்துடும். காலடித் தண்ணில போட்டு பத்து நிமிஷம் ஹூக்ல நிக்குதான்னு பாத்துட்டு வீசுங்க. எசன்ஸ், கலர், வெல்லம், பெருங்காயம்னு ஆளுக்கொரு சூத்திரம் சொல்வாங்க, நானும் எல்லாம் பண்ணிப் பாத்தாச்சு, பதம் தப்பினா எதுவும் காப்பாத்தாது.

மக்காச்சோளம் கெண்டைக்கு நல்லது, சின்ன மீன் தொல்லையும் கம்மி. காஞ்ச சோளமா இருந்தா ஒரு நாள் ஊறவச்சு நல்லா வேகவச்சுத்தான் தண்ணில போடணும், ஊறாததப் போட்டா மீன் வயித்துக்குள்ள போயி உப்பும்.

உயிர் மீன இரையா ஒரு ஏரில இருந்து இன்னொரு ஏரிக்குக் கொண்டு போகாதீங்க. நோயும் போகும், வேண்டாத மீனும் அங்க பெருகும்.

8. தீவனம் போடறது

அளந்து கண்டுபிடிச்ச இடத்துல மீன நிறுத்தி வைக்கத்தான் தீவனம். தவிடு, கடலைப் புண்ணாக்குத் தூள், கொஞ்சம் மண், ஹூக்ல போடற இரையில கொஞ்சம். எலுமிச்சம்பழ அளவு உருண்டை மூணு, எல்லாம் ஒரே இடத்துல, அப்புறம் இருபது நிமிஷத்துக்கு ஒண்ணு. அவ்வளவுதான். ரெண்டு கிலோவ மொத்தமா கொட்டிட்டு மீன் வரலன்னு சொல்றவங்கள நெறையப் பாத்திருக்கேன், மீன் வந்திருக்கும், வயிறு நெறஞ்சு போயிருக்கும், இவங்க ஹூக்ல இருக்கிற ஒரு உருண்டையத் தேடி எடுக்க அதுக்கு என்ன அவசியம்?

எதிர்க்கரையில ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறி வச்சுகிட்டு அந்த நேர்கோட்டுலயே உருண்டையும் போடுங்க, தக்கையும் போடுங்க. தீவனம் ஒரு பக்கம், தூண்டில் ஒரு பக்கம்னு கெடந்தா மீனுக்கு விருந்து வச்ச கணக்குதான்.

9. தக்கை என்ன சொல்லுது

குறியத் தாண்டி ஒரு கெஜம் தள்ளிப் போட்டு, மெதுவா சுத்தி இழுத்துட்டு வந்து நிறுத்துங்க. நேரா தீவனத்து மேல டொபுக்குனு போட்டா வந்த மீனும் கலையும். நரம்பத் தண்ணிக்குள்ள அமுக்கி விட்டா காத்து தக்கையத் தள்ளாது.

இப்ப கடி. புதுசா வர்றவங்க தக்கை மொத்தமா உள்ள போறதுக்காகக் காத்துட்டே இருப்பாங்க. நாலு விதமா வரும்:

படபடன்னு சின்னச் சின்னதா ஆடினா பொடி மீன் கொறிக்குது, இழுக்காதீங்க, ரொம்ப நேரம் தொடர்ந்தா ஹூக்க ஒரு சைஸ் சின்னதாக்குங்க இல்ல இரையச் சோளத்துக்கு மாத்துங்க. தக்கை சாஞ்சு பக்கவாட்டுல நகர்ந்தா ஜிலேபி, நகர ஆரம்பிச்சதும் மணிக்கட்ட மட்டும் தூக்குங்க. நின்னு நிதானமா ஒரே இழுப்பா உள்ள போனா அது அனேகமா கெளுத்தி, அவசரமே இல்ல. நாலாவதுதான் எல்லாரும் கோட்டை விடறது: தக்கை கீழ போகாம மேல எழும்பி நிக்கும், சில சமயம் படுத்துக்கும். கெண்டை தலைகீழா நின்னு இரைய வாயில எடுத்து நிமிரும், அப்ப அந்த ஒற்றன் குண்டும் சேர்ந்து தூக்கப்படும், தக்கைக்குக் கீழ எடை கொறஞ்சதால மேல வரும். பாத்த உடனே தூக்குங்க, அடுத்த நொடி துப்பிடும்.

தூக்கறதுன்னா முழங்கைக்குக் கீழ மட்டும். தோளுக்கு மேல விசிறினா ஜிலேபி வாய் கிழியும், இல்லன்னா தக்கை உங்க மூஞ்சிக்கே வரும்.

இருபது நிமிஷம் ஒண்ணும் இல்லன்னா இடத்த மாத்தாதீங்க, முதல்ல ஆழத்த ரெண்டு விரல் மாத்துங்க, அப்புறம் இரைய, அப்புறம் ஹூக் சைஸ. எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னே தெரியாது.

10. மீன் மாட்டினதும்

ராடு மேல தூக்கி வளைஞ்சே இருக்கணும், நரம்பு ஒரு நொடிகூடத் தளரக்கூடாது. மீன் ஓடுதா, ஓடட்டும், டிராக் சத்தம் போடறப்போ ரீலச் சுத்தாதீங்க, சுத்தினா நரம்பு முறுக்குதான் ஏறும். அது நிக்கிறப்போ ராட மெதுவா தூக்குங்க, இறக்கிகிட்டே சுத்துங்க. செடிப்பக்கம் ஓடினா ராட எதிர்ப்பக்கமா தண்ணிக்குச் சமமா சாய்ங்க, தலை திரும்பும்.

கைவலைய முன்னாடியே தண்ணிக்குள்ள அசையாம வச்சு, மீன அது மேல கொண்டு வாங்க. வலையோட மீனத் துரத்தறதுதான் கரையில நடக்கிற பெரிய சோகம், கடைசி மூணடியிலதான் பாதி மீன் போகுது. நரம்பப் பிடிச்சுத் தூக்காதீங்க.

11. ஹூக் கழட்டறது, கெளுத்தி முள்

கைய நனைச்சுட்டுத் தொடுங்க, காஞ்ச கையோ துணியோ மீன் மேல இருக்கிற வழுவழுப்ப உரிச்சுடும், விட்டாலும் பூஞ்சை வந்து செத்துப் போகலாம். செவுளுக்குள்ள விரல் விடாதீங்க. ஹூக்க உள்ள முழுங்கியிருந்தா நோண்டாதீங்க, விடப்போற மீன்னா நரம்ப ஒட்ட நறுக்கி விடுங்க. வாயில இருந்து குஞ்சு கொட்டற ஜிலேபி வந்தா உடனே தண்ணில விடுங்க, அது குஞ்சுகள வாய்க்குள்ள வச்சுக் காப்பாத்தற தாய்.

கெளுத்திக்கு முதுகுல ஒரு முள், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு முள். அத நட்டு வச்சுப் பூட்டிக்கும், மடக்க முடியாது. பின்னாடியிலிருந்து பக்க முள்ளு ரெண்டும் விரலிடுக்குல வர்ற மாதிரி பிடிக்கணும், பழகற வரைக்கும் தரையில வச்சு ஈரத்துணி போட்டுப் பிளையரால கழட்டுங்க. தேளி இருக்கிற தண்ணின்னா இன்னும் ஜாக்கிரதை, அதுக்கு முள்ளுல விஷமே உண்டு. எனக்கு ஒரு தடவை பேச்சு சுவாரசியத்துல கட்டைவிரல் அடியில ஏத்திடுச்சு, அரை மணி நேரத்துல முழங்கை வரைக்கும் கடுத்துச்சு. தாங்கற அளவு சூடான தண்ணில, சுமார் 45 டிகிரி, அடிபட்ட இடத்த முக்கி வச்சா வலி குறையும். சூட்ட நல்ல கையால தொட்டுப் பாருங்க, அடிபட்ட கைக்குச் சூடு சரியா தெரியாது. வீக்கம் ஏறினாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டர்தான்.

ஹூக் உங்க விரல்ல ஏறி எதிர்முள் இருந்தா பின்னாடி பிடுங்காதீங்க. கண்ணு, கழுத்துப் பக்கம்னா தொடவே வேண்டாம், அப்படியே ஆஸ்பத்திரி.

எடுத்துட்டுப் போற மீன மூச்சு முட்டிச் சாக விடாதீங்க. கண்ணுக்குப் பின்னாடி தலையில ஒரு அடி, செவுள்ல ஒரு வெட்டு, உடனே ஐஸ். வெயில்ல கவர்ல கெடந்த மீன் வீட்டுக்குப் போறதுக்குள்ள கெட்டுடும்.

12. விரால் வேணும்னா

விராலுக்குத் தக்கை முறை அவ்வளவா ஒத்து வராது. அதுக்கு வெளிக்காத்து எடுக்கிற உறுப்பு இருக்கு, அப்பப்ப மேல வந்து ஒரு மடக்கு எடுத்துட்டுப் போகும், அந்த வட்டத்தப் பாத்துத்தான் இடத்தக் கண்டுபிடிக்கணும். அல்லி இலை, பாசி ஓரமா ரப்பர் தவளை லூர இழுத்துட்டு வாங்க. இங்க மட்டும் நைலான் வேண்டாம், பின்னல் நரம்பு, விறைப்பான ராடு, ஏன்னா அடிச்ச உடனே செடிக்குள்ள பூந்துடும். தண்ணி வெடிச்ச சத்தம் கேட்டதும் பதறி இழுத்தா வெறும் தவளை மூஞ்சிக்கு வரும், ஒரு நொடி விட்டு, கனம் தெரிஞ்சதும் இழுங்க.

செக்கச் செவேல்னு குஞ்சு மொத்தமா உருண்டையா மேல வந்து வந்து போனா, கீழ தாயும் தகப்பனும் காவல் இருக்கு. அது மேல லூரப் போட்டா கண்டிப்பா அடிக்கும், சுலபமான மீன்தான், ஆனா அடுத்த பத்து நிமிஷத்துல அந்தக் குஞ்சு பூராவும் மத்த மீனுக்குத் தீனி. நான் போடறதில்ல, நீங்களும் போடாதீங்க.

13. கிளம்பறப்போ

அறுந்த நரம்பத் துண்டு துண்டா நறுக்கிப் பையில போட்டுக் கொண்டு போயிடுங்க, ஒரு முழம் நரம்பு கரையில கெடந்தா கொக்கு கால்ல சுத்திக்கும். ஹூக்குக்கு மேல இருக்கிற ரெண்டு மீட்டர் நரம்ப விரல்ல உருவிப் பாருங்க, சொரசொரன்னு இருந்தா வெட்டிடுங்க. ராடையும் ரீலையும் துடைச்சு, டிராக்கத் தளர்த்தி, நிழல்ல வைங்க, வெயில்ல கெடக்கிற நைலான் சீக்கிரம் கெட்டுப் போகும்.

ஒரு நோட்டுல நாலு வரி: எந்த மரத்துக்கு நேரா, எத்தன அடியில எவ்வளவு ஆழம், காத்து எந்தப் பக்கம், முதல் கடி எத்தன மணிக்கு. அதோட தண்ணி மட்டத்துக்கு ஒரு அடையாளம், மதகுக் கல்லுல எத்தனாவது வரிசை வரைக்கும் நனைஞ்சிருக்குன்னு. அடுத்த தடவை அந்தக் கல்ல முதல்ல பாருங்க, ரெண்டு வரிசை கீழ இறங்கியிருந்தா பழைய டேப்ப நம்பாதீங்க, 15 கிராம் ஈயத்த எடுத்து மறுபடியும் மாட்டுங்க.